அப்பா கடற்கரையைக் கூட்டிய காலை

நம் வாட்ஸ்அப் குழுவில் சனி, ஞாயிறு வந்தால் படங்கள் குவிந்துவிடுகின்றன. யாராவது ஒருவர் பேரப்பிள்ளைகளைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு கடலோர ரோட்டில் போகிறார். மான் படம், உடும்பு படம், முதலை இருக்கிறது என்று எழுதிய பலகைக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் குடும்பப் படம். கீழே இன்னொருவர், "நாம சின்ன வயசுல இப்படி எங்க போனோம்" என்று எழுதுகிறார். எல்லோரும் ஆமாம் போடுகிறீர்கள்.

நான் போயிருக்கிறேன். நாம் ஆறாம் வகுப்பில் இருந்த வருடம், டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிளம்பி மறுநாள் மத்தியானம் திரும்பினோம். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து நான் வகுப்புக்கு வரவில்லை. ஏன் என்று உங்களில் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள். டி.சி. கூட வாங்காமல் போனவள் நான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன்.

எங்கள் லயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரங்கத் பஜாரிலிருந்து வடக்கே, தோட்டத்துக்கும் கடலுக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட பன்னிரண்டு வீடுகள். எல்லோரும் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள். அங்கே லயம் என்றதை இங்கேயும் லயம் என்றோம். ஆபீசரைத் தொரை என்றோம். காலையில் பேர் கூப்பிடுகிற இடத்தைப் பெரட்டுக்களம் என்றோம். கடலைப் பற்றிப் பேசத்தான் எங்களிடம் ஒரு சொல்லும் இல்லை. பெரியவர்கள் அதைத் "தண்ணி" என்றார்கள். கால் நனைக்கக்கூடப் போக மாட்டார்கள். வாசல்களை எல்லாம் காட்டுப் பக்கமாக வைத்துக் கட்டியிருந்தார்கள்.

வந்த முதல் மழையில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். பதினொரு நாள் படுத்திருந்தாள். பிறகு என்னை வளர்த்தது அத்தை, அப்பாவின் தங்கை. பதினொரு வயதிலும் நான் அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவேன்.

அந்த அத்தைக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை தோட்டத்து டிராக்டர் டிரைவர். ராமநாதபுரத்துக் கடலோரத்து ஆள், வேலை டெம்பரவரி. தை பிறந்ததும் கல்யாணம். நான் அவரை டிரைவர் அண்ணன் என்பேன். எனக்குச் சிப்பி பொறுக்கித் தருவார், சீட்டியடிக்கக் கற்றுத் தந்தார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அத்தை அவரோடு போய்விடுவாள். அது ஒன்றுதான் எனக்கு வேண்டாததாக இருந்தது.

அப்பாவுக்கு அப்போது கரைக் காவல் வேலை. புதிதாக நட்ட தென்னங்கன்றுகளையும், ஓடை முகத்தில் அடுக்கியிருந்த படாக் மரக்கட்டைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை அப்பா ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மணல்ல தடம் கெடக்குங்க. தண்ணியிலருந்து ஏறி, தென்னங்கன்னு வரைக்கும் வந்து, திரும்பித் தண்ணிக்கே போயிருக்கு. ரெண்டு பக்கமும் டயரு பல்லு பதிஞ்சிருக்கு. நடுவுல கட்டைய இழுத்த கோடு."

"டிராக்டரு தண்ணிக்குள்ளருந்து எப்படிங்க வரும்?"

"அதான் அவன் சாமர்த்தியம். தண்ணி ஓரமாவே ஓட்டியாந்தா அலை அழிச்சிரும்ல. மேல ஏறுன தடம் மட்டும் மாட்டிக்கிச்சு."

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு டிராக்டர்தான். அதை ஓட்டுகிறவரும் ஒருவர்தான். வெளியே பர்மாப் படகு வந்து மரம் ஏற்றிக்கொண்டு போகிறது என்று பஜாரில் ஒரு பேச்சு அலைந்துகொண்டிருந்த காலம் அது. லயத்து ஆட்கள் நாலு பேர் போய்த் தடத்தைப் பார்த்தார்கள். நாலு பேரும் மலையில் பிறந்தவர்கள். டயர்தான் என்று நாலு பேரும் சொன்னார்கள். கட்டை குறைந்திருக்கிறதா என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஓடைச் சேற்றில் பாதி புதைந்து கிடந்தவற்றை எண்ணவும் முடியாது.

அப்பாவிடம் மலையிலிருந்து கொண்டுவந்த கவ்வாத்துக் கத்தி ஒன்று இருந்தது. தேயிலைச் செடி வெட்டுகிற வளைந்த கத்தி. அதை வைத்து ஒரு மூங்கில் கம்பில் தடத்தின் அகலத்துக்கு இரண்டு வெட்டுப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் டிராக்டர் மரத்தடியில் நின்றபோது கம்பைச் சக்கரங்களுக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தார். சக்கரங்களைவிட வெட்டுகளின் அகலம் ஒரு சாண் மிஞ்சியது. "மணல்ல சக்கரம் பரவிக்கிட்டு விழும்" என்று எனக்குச் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

அதன்பிறகு டிரைவர் அண்ணன் செய்த ஒவ்வொன்றும் தடயமாயிற்று. காலையில் முழங்கால்வரை நனைந்த பேண்ட்டோடு வருகிறார், ஏன்? டிராக்டர் சக்கரத்தில் மணல் ஒட்டியிருக்கிறது, ஏன்? சீட்டியடித்துக்கொண்டு வருகிறார், அப்படி என்ன சந்தோஷம்? அவர் விடியலில் தூண்டில் போடப் போவார். ஓடையில் பிடித்த மீனை ஓலையில் கோத்து எங்கள் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அந்த மீனைத் தின்றுகொண்டே அப்பா, "இவன் எதுக்கு நமக்கு இவ்வளவு செய்றான்?" என்பார். எனக்கும் அது நல்ல கேள்வியாகத் தோன்றியது. நானும் அவர் கையைப் பார்க்கத் தொடங்கினேன்.

அவரிடம் நேராகக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா சட்டைக்குக் கழுத்துவரை பித்தான் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு தொரை பங்களாவுக்குப் போனார். தொரை மெயின்லேண்டிலிருந்து வந்தவர், இந்திக்காரர். அப்பாவுக்கு இந்தி வராது. பள்ளிக்கூடத்தில் உங்களோடு சேர்ந்து நான் கற்றதுதான் எங்கள் வீட்டின் மொத்த இந்தியும். அப்பா படிக்குக் கீழே நின்று தமிழில் சொன்னார். நான் படியில் ஏறி நின்று இந்தியில் சொன்னேன். தடம், டயர், நடுவில் கோடு. கடைசியில் அப்பா, "டிரைவரா இருக்கும்னு நெனைக்கிறேங்க" என்றார்.

நான், "டிரைவர் கட்டை இழுத்துக்கொண்டு போனதை அப்பா பார்த்தார்" என்று இந்தியில் சொன்னேன்.

தெரியாமல் சொல்லவில்லை. நினைக்கிறேன் என்பதற்கு இந்தியில் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

தொரை அப்பாவைப் பார்த்து, "தேகா?" என்று கேட்டார். அந்த ஒரு சொல் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பார்த்தாயா என்கிறார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறேன், அதுவரை யாரிடமும் பேச வேண்டாம் என்று தொரை உள்ளே போய்விட்டார். 

மறுநாள்தான் அந்தப் பயணம். ஏற்பாடு கடைக்காரப் பாயுடையது. ரங்கத் பஜாரில் அரிசி, மண்ணெண்ணெய், ரப்பர் செருப்பு எல்லாம் விற்பாரே, அவர். அத்தை கல்யாணத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான். அவர் மகள் நம் வகுப்பு, என் ஒரே கூட்டாளி. "மாப்பிள்ளையும் மச்சானும் ஒரு நாளாவது ஒண்ணா சிரிச்சுப் பேசணும்யா, சலோ" என்று ஜீப்பைக் கொண்டுவந்து லயத்து முன்னால் நிறுத்திவிட்டார். அப்பா மறுப்பார் என்று நினைத்தேன். உடனே ஏறிக்கொண்டார். ஏறும்போது என் காதில், "திங்கக்கெழம வரைக்கும் அவன் எங்கயும் ஓடிறக் கூடாது" என்றார். மூங்கில் கம்பையும் ஊன்றுகோல் மாதிரி எடுத்துக்கொண்டார்.

அந்த ஜீப்பை நீங்கள் மறந்திருக்க முடியாது. கான்வாஸ் கூரையில் கருவாட்டு வாடை, தரையில் ஓட்டை, ஓட்டை வழியாக ரோடு ஓடுவது தெரியும். பாய் ஓட்டினார், பக்கத்தில் டிரைவர் அண்ணன். பின்னால் அப்பா, கூட்டாளி, நான். எனக்கும் கூட்டாளிக்கும் போட்டி. எந்தப் பிராணியை யார் முதலில் பார்க்கிறோமோ அவர்களுக்குப் புளிப்பு மிட்டாய் ஒன்று. பாய் ஜாடியோடு கொண்டுவந்திருந்தார்.

முதல் மிட்டாய் அவளுக்கு. ரோட்டைக் கடந்து மூன்று புள்ளிமான்கள் ஓடின.

"இதுக்கு இந்த ஊர்ல ஏது பூர்வீகம்?" என்றார் பாய். "வெள்ளக்காரன் கப்பல்ல கொண்டாந்து விட்டது. நம்ம கேஸுதான்."

"அதுங்களுக்கு வேலை பெர்மனண்ட் பாய். நமக்குத்தான் டெம்பரவரி" என்றார் டிரைவர் அண்ணன்.

பாய் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. டிரைவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டே, "இந்த ரோடெல்லாம் உனக்கு நல்ல பழக்கமோ?" என்று கேட்டார்.

"ஒரு தடவ ரெண்டு தடவ வந்திருக்கேன்ணே."

"எதுக்கு?"

"சும்மாதாண்ணே. கடல் பாக்கத்தான்."

அப்பா என் கையை அழுத்தினார். கடலைப் பார்க்க யாராவது பத்து மைல் வருவார்களா என்பது அந்த அழுத்தத்துக்குப் பொருள்.

வழி நெடுக அப்படியே நடந்தது. அலையாத்தி ஓடைப் பாலத்தில் நிறுத்தினோம். சேற்றில் விரல் நீள மீன்கள் நடந்துகொண்டிருந்தன, துடுப்பை ஊன்றி, கண்ணைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு. அது எனக்கு மிட்டாய். பாறை இடுக்கில் கறுப்பும் வெள்ளையும் வரிபோட்ட கடல் பாம்பு சுருண்டு கிடந்தது. அதுவும் எனக்கு. மறுகரையில் ஒரு கட்டை கிடந்தது. டிரைவர் அண்ணன் எங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "அசையாதீங்க, அது கட்டையில்ல" என்றார். அப்பா, "கட்டைதான். கட்டை எனக்குத் தெரியாதா? உனக்குத்தான் நல்லாத் தெரியுமே" என்றார். சொல்லி முடிப்பதற்குள் கட்டை ஓசையில்லாமல் நீரில் இறங்கிவிட்டது. பாய், "யா அல்லாஹ், என்னா நீளம்" என்றார். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. முதலை யாரையும் எதுவும் செய்யவில்லை. ஆனால் தன்னை முட்டாளாக்கவே டிரைவர் அதைச் சொன்னதாக அப்பா எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

நான் மட்டும் யோக்கியமா? மிட்டாயைச் சப்பிக்கொண்டு நானும் அந்தப் பிடரியைத்தான் பார்த்தேன். திங்கட்கிழமை வந்தால் இந்த ஆள் இருக்க மாட்டார், அத்தையின் சேலைத் தலைப்பு எனக்கே என்று எண்ணினேன். அவர் திரும்பி, "என்ன பாப்பா, ஒம்போது மிட்டாயா? பல்லு கொட்டிட்டா அத்தை என்னையத்தான் திட்டும்" என்றார். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் பாயின் மச்சான் வீட்டில் தங்கினோம். கடற்கரையை ஒட்டிய வீடு. மீன் குழம்பும் சோறும் தந்தார்கள். பயணக் களைப்பில் சீக்கிரம் தூங்கிவிட்டோம்.

விடிந்தும் விடியாத நேரத்தில் கூட்டாளி என்னை உலுக்கினாள். கடல் பக்கம் போய்வந்தால் இன்னும் நாலு மிட்டாயாவது தேறும் என்றாள். தென்னைகளைத் தாண்டியதும் ஒரு சத்தம் கேட்டது. வயதான ஆள் படியேறிவிட்டு விடுகிற பெருமூச்சு மாதிரி. மணல்மேட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தோம்.

ஒரு ஆமை. ஆமை என்று சொன்னால் நீங்கள் நினைக்கிற அளவு இல்லை. பாயின் ஜீப் பானட்டைவிடப் பெரியது. முதுகில் ஓடு இல்லை. கறுத்த தோல், அதில் தலையிலிருந்து வால்வரை மேடு மேடாக நீளக் கோடுகள், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. கண்ணிலிருந்து கோழையாக நீர் ஒழுகியது. முட்டையிட்டுக் குழியை மூடிவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னங்கால் இரண்டையும் ஒரே நேரத்தில் வீசி ஊன்றும், உடம்பை ஒரு முழம் இழுக்கும், நிற்கும், மூச்சு விடும். மறுபடியும் வீசும். நாங்கள் இரண்டு அடி தள்ளிக் கூடவே நடந்தோம். அது எங்களைச் சட்டை செய்யவில்லை. முதல் அலை பட்டதும் கனமெல்லாம் போய்விட்டது. ஒரு திருப்பு, அவ்வளவுதான்.

"நான் போய் எல்லாரையும் கூப்டுறேன். இதுக்கு ஜாடியோட மிட்டாய்!" என்று கூட்டாளி வீட்டைப் பார்த்து ஓடினாள்.

நான் திரும்பி மணலைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சாய்வாகப் பல் பல்லாக வரிகள். நடுவில் வழுவழுப்பாக அழுந்திய பட்டை. அந்தப் பட்டையின் நட்டநடுவே வால் இழுபட்ட ஒரு கோடு. தண்ணீரிலிருந்து ஏறி, வளைந்து, தண்ணீருக்கே போயிருந்தது.

அப்பா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பெரட்டுக்குப் போய்ப் பழகியவர், விடிந்தால் படுத்திருக்க மாட்டார். என் பக்கத்தில் நின்று தடத்தைப் பார்த்தார். மூங்கில் கம்பைக் குறுக்கே வைத்தார். இரண்டு வெட்டும் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்தன. ஒரு விரல்கடை கூட மிஞ்சவில்லை. அப்பா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாது புள்ள இது?"

"ஆமைப்பா. பெரிய ஆமை. இப்பதான் தண்ணிக்குள்ள போச்சு."

கம்பைத் திருப்பி வெட்டுகளைத் தடவிப் பார்த்தார். பிறகு, "தொரைகிட்ட நீ என்னா சொன்ன?" என்று கேட்டார்.

"நீங்க பாத்தீங்கன்னு சொன்னேன்."

"நானும் தலைய ஆட்டிட்டேன்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. பயம்தான் இருந்தது. "இப்பப் போயி மாத்திச் சொன்னா நம்மளத்தான் திருடன்னுவாங்க. காவக்காரன் நானு. கட்டை போச்சுன்னா மொதல்ல எவன் கழுத்தைப் புடிப்பாங்க?"

மலையில் அவர் கற்றது அது. ஏதாவது தொலைந்தால் முந்திக்கொண்டு தொரையிடம் போய் இன்னொருவன் பேரைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாதவன் மாட்டுவான். அவர் அப்பாவுக்கும் அப்படித்தான் பிழைப்பு நடந்திருக்கும். இதெல்லாம் எனக்கு முப்பது வயதுக்கு மேல் புரிந்தது. அன்று புரிந்தது ஒன்றுதான்: எனக்கு என்ன வேண்டுமோ அதையே அப்பாவும் கேட்கிறார்.

"யாருகிட்டயும் சொல்லாத."

"சரிப்பா."

கீழே கிடந்த ஒரு தென்னை மட்டையை எடுத்தார். மேட்டிலிருந்து தண்ணீர்வரை கூட்டத் தொடங்கினார். நன்றாகக் கூட்டினார், பங்களா வாசலைக் கூட்டுகிற மாதிரி ஒரே சீராக, ஓரம் பிசகாமல். வேலை முடிகிற நேரத்தில் பாயும் டிரைவர் அண்ணனும் கூட்டாளியும் வந்துவிட்டார்கள்.

டிரைவர் அண்ணன் நின்று பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னண்ணே, கடக்கரையையே கூட்டிட்டீங்க? தொரை வர்றாரா?"

"ஒக்காரலாமின்னு சுத்தம் பண்ணேன்" என்றார் அப்பா.

"வாப்பா, இங்கதான் கெடந்துச்சு! இம்மாம் பெருசு! ஆமை!" கூட்டாளி கையை விரித்தாள். "நீ சொல்லுடி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டிரைவர் அண்ணன் ஆசையாகப் பார்த்தார். கடலோரத்தில் பிறந்தவர். அந்தத் தடத்தில் ஒரு முழம் மிச்சம் கிடந்திருந்தால் போதும், என்னவென்று அவரே சொல்லியிருப்பார்.

"உடும்பு" என்றேன். "பெரிய உடும்பு."

கூட்டாளி என்னை அடிக்கவில்லை. மிட்டாய்க் கணக்கை வைத்திருந்த கூழாங்கற்களைக் கையிலிருந்து கீழே போட்டாள். திரும்பும் வழியெல்லாம் முன்சீட்டில் அவள் வாப்பா மடியோரம் உட்கார்ந்துகொண்டாள். அவள் இந்தக் குழுவில் இருக்கிறாள், அதிகம் எழுதுவதில்லை. படித்தால் தெரிந்துகொள்ளட்டும். அது ஆமைதான்.

திங்கட்கிழமை தொரை டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். மரம் போகிறது, சாட்சி இருக்கிறது, போலீசுக்குக் கொடுக்காமல் விடுகிறேன், அடுத்த கப்பலில் மெயின்லேண்டுக்குப் போய்விடு. சாட்சி யார் என்று சொல்லவில்லை. அப்பா அத்தையிடம், "கட்டை கடத்துறவன். நானே தடத்தைப் பாத்தேன். நல்ல வேளை, தப்பிச்சோம்" என்றார்.  செவ்வாய்க்கிழமை டிரைவர் அண்ணன் டிரங்குப் பெட்டியோடு வந்து எங்கள் வாசலில் நின்றார். லயமே பார்த்தது. அத்தை அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போனார்.

நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. அத்தை இனி எங்கும் போக மாட்டாள். ஆனால் புதன்கிழமை சாயங்காலம் அவள் எனக்குத் தலை வாரினாள். எப்போதும் சிக்கெடுக்கும்போது பேசிக்கொண்டே இருப்பாள். அன்று சீப்பு ஒரே இடத்தில் போய் வந்துகொண்டிருந்தது. சிக்கு எப்போதோ போய்விட்டது. அவள் கை மட்டும் நிற்கவில்லை. "இனிமே உங்கூடவே இருக்கேன் புள்ள. சந்தோஷந்தானே?" என்றாள். அந்தக் குரலில் ஆளே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆமை, மூங்கில் கம்பு, தென்னை மட்டை, பங்களாப் படியில் நான் சொன்ன பொய்.

அத்தை அப்பாவிடம் போனாள். "அண்ணே, அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"திருடன்கிட்ட யாராச்சும் கேப்பாங்களா?"

"புள்ள ஆமையப் பாத்திருக்கு. நீங்களும் தடத்தைப் பாத்திருக்கீங்க."

அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். "ஆமையும் வந்திருக்கும். டிராக்டரும் வந்திருக்கும்" என்றார்.

மறுநாள் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனாள். டிரைவர் போர்ட் பிளேரில், ஜங்லிகாட் என்கிற இடத்தில் பாயின் தம்பி நடத்துகிற லாரிப் பட்டறையில் தங்கியிருக்கிறார், கப்பல் இன்னும் வரவில்லை என்று தெரிந்தது. பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "அரே, எங்கிட்டயாவது கேக்கக் கூடாதாய்யா?" பட்டறை விலாசத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து எங்களைப் படகேற்றிவிட்டார். இந்தத் தீவுக்கு வந்திறங்கிய நாளிலிருந்து அத்தை தண்ணீரில் கால் வைத்ததில்லை. வழி முழுக்க வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு மறுபடியும் நேராக உட்கார்ந்தாள். படகுத்துறையில் இறங்கி வழி கேட்டது, பட்டறையைக் கண்டுபிடித்தது எல்லாம் நான், என் இந்தியில்.

அவர் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தார். கால் மட்டும் தெரிந்தது. கூப்பிட்டதும் வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் நின்றபடி முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். உடும்பு என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

"ஏழுவரி ஆமை" என்றார். "எங்க ஊரு வலையில ஒரு தடவ மாட்டி, பன்னெண்டு பேரு சேந்து புரட்டி விட்டோம்." பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "அதுக்கு லைசென்ஸ் இருக்கான்னு தொரை கேக்கலையா பாப்பா?" பட்டறைப் பையன்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அத்தையைப் பார்த்தார்.

"செவ்வாக்கெழம வாசல்ல நின்னேன். நீ வரல."

அத்தை தலை குனிந்திருந்தாள்.

"நீயும் நம்புனியா?"

பக்கத்தில் யாரோ தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"நம்புனேன்."

"எத்தன நாளு?"

"ரெண்டு நாளு."

அவர் மறுபடியும் லாரிக்கு அடியில் போய்விட்டார். நாங்கள் நின்றோம். வெயில் ஏறியது. எங்கே போவது என்று எங்களுக்குத் தெரியாது, திரும்பிப் போகிற படகு மறுநாள்தான். வெகு நேரம் கழித்து அடியிலிருந்து கை ஒன்று நீண்டது.

"பாப்பா, அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு."

எடுத்துக் கொடுத்தேன். அத்தை அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்து அழுதாள்.

அந்தக் கப்பலில் அவர் போகவில்லை. பாயின் தம்பி வீட்டில் வைத்து மாலை மாற்றிக்கொண்டார்கள். அப்பா வரவில்லை, அப்புறமும் வரவில்லை. நான் அவர்களோடு தங்கிவிட்டேன். பள்ளிக்கூடம் சேர்க்க டி.சி. வேண்டும் என்றார்கள், வாங்கப் போக யாரும் இல்லை. அப்படித்தான் படிப்பு நின்றது. ஊருக்கு வெளியே சிப்பிகாட் என்கிற இடத்தில் ஒற்றை அறை வீடு, அவர் லாரி ஓட்டினார். பதினைந்து வயதில் நான் அங்கிருந்தும் கிளம்பிவிட்டேன். ஹட்பேயில் கருவாடு காயப்போட்டேன், கப்பல் கேண்டீனில் பாத்திரம் தேய்த்தேன், கொச்சியில் இறால் உரித்தேன். ஒரு ஊரிலும் மூன்று வருடத்துக்கு மேல் இருந்ததில்லை.

ஏன் கிளம்பினாய் என்று கேட்பீர்கள். மாமா, அதாவது டிரைவர் அண்ணன், கெட்டவர் இல்லை. ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. ஆனால் அந்த இரண்டு நாளை அவர் விடவில்லை. குடை காணாமல் போனால், "நான்தான் வித்துட்டேன், ரெண்டு நாளைக்கு நம்பு" என்பார். லாரி லேட்டாக வந்தால், "எங்க போனேன்னு கேக்க மாட்டியே, நீதான் கேக்காமலே நம்புறவளாச்சே" என்பார். எல்லாம் விளையாட்டாகத்தான். அத்தையும் சேர்ந்து சிரிப்பாள். சாயங்காலம் லாரிச் சத்தம் தூரத்தில் கேட்டதும் அடுப்பில் எது இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்து நிற்பாள். காய்ச்சலிலும் வந்து நிற்பாள். நாற்பது வருடம் நின்றாள். நாலு வருடத்துக்கு மேல் அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மாமா போய் மூன்று வருடமாகிறது. போன மாதம் சிப்பிகாட்டுக்குப் போயிருந்தேன். அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். அன்றைக்குப் பட்டறையில், ஒரு நாளும் நம்பவில்லை என்று சொல்லியிருக்கலாமே, அவருக்கு எப்படித் தெரியப் போகிறது என்று.

"சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றாள். "நீ பக்கத்துல நின்ன. சொன்ன பொய்ய எல்லாம் ஒண்ணுவிடாம ஒத்துக்கிட்டு, மூக்கை ஒழுகவிட்டுக்கிட்டு நின்ன. அந்த எடத்துல நான் எப்படிப் புள்ள பொய் சொல்றது?"

கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள்.

"அன்னிக்கு ஒன்னைய விட்டுட்டுத்தான் பட்டறைக்குப் போயிருக்கணும். ஆனா எனக்கு இந்தி தெரியாதே."